கூத்துக் களமும் திரை நடிப்பும்: வில்லியனூர், பாகூர் வட்டாரத்தின் அளவுகோல்

பிரெஞ்சு ஆட்சியில் கொம்யூன் எனப்பட்ட உள்ளாட்சிப் பிரிவுகளாக வகுக்கப்பட்டு, புதுச்சேரி நகருக்கு மேற்கிலும் தெற்கிலும் அமைந்த வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளின் சிற்றூர்களில் நடிப்பை எடைபோடும் பழக்கம் திரைப்படத்தால் வந்ததன்று. தென்னார்க்காட்டு மண்ணோடு ஒன்றாய்க் கிடக்கும் இவ்வட்டாரத்தில், திரௌபதி அம்மன் விழாவையொட்டி இரவு முழுதும் நடக்கும் தெருக்கூத்தே அதற்கான அளவுகோலை வகுத்துத் தந்தது. வேடம் கட்டியவர் முதலில் இருவர் பிடித்த திரைக்குப் பின் நின்று விருத்தம் பாடுவார். வந்திருப்பவன் துரியோதனனா தருமனா என்பதை முகம் தெரியும் முன்பே குரல் உணர்த்திவிட வேண்டும். திரை விலகியதும் ஆடப்படும் கிறிக்கை, அதாவது மரத்தாலான கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் சுமந்தபடியே வேகமாகச் சுழன்று ஆடும் ஆட்டம், அவருடைய உடல்வலுவையும் தாளக்கட்டையும் ஒருசேரச் சோதிக்கும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், பந்த வெளிச்சத்தில், கடைசியில் அமர்ந்திருக்கும் கிழவிக்கும் சொல் தேயாமல் கேட்கவும் கண்ணிலுள்ள சினம் தெரியவும் வேண்டுமாயின், குரலும் அசைவும் பெரியனவாக இருந்தே தீர வேண்டும்.

இந்தப் பெரிய அளவிலான நடிப்பைத் திரைக்குக் கொண்டுசென்றவை, சிறுவர்களையே நடிகர்களாகப் பயிற்றி ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழுக்களான பாய்ஸ் கம்பெனிகள். தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிப் பாட்டும் வசனமும் நடிப்பும் கற்பித்தார், டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். சுவாமிகள் எமனாக மேடையேறியபோது கர்ப்பிணி ஒருவர் அஞ்சிக் கருச்சிதைவுற்றதாகவும், அதன்பின் அவர் வேடம் கட்டுவதை விட்டு ஆசிரியராக நிலைத்ததாகவும் நாடக உலகில் ஒரு செய்தி வழங்கிவருகிறது. அது நடந்ததா என்று ஆராய்வதைவிட, பார்ப்பவர் உடலில் நிகழும் விளைவைக் கொண்டே நடிப்பின் உச்சத்தை அளந்த ஒரு தலைமுறையின் நம்பிக்கையாக அதைக் கொள்வதே வரலாற்றுக்குப் பயன்படும். சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமாகி, கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அங்குள்ள நினைவிடத்தில் கூத்து, நாடகக் கலைஞர்கள் கூடி அஞ்சலி செலுத்துவது இன்றும் வழக்கமாயிருக்கிறது.

1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்ததைத் தொடர்ந்த தொடக்கப் பேசும்படங்களில், நடிகரே காமிராவின் முன் நின்று பாட வேண்டியிருந்தமையால், பாட்டே முதல் தகுதியாயிற்று. பின்னணிப் பாடல் முறை பரவிய பின்னரே வசனமும் முகமும் தனித்து மதிக்கப்பட்டன. 1952-இல் ‘பராசக்தி’ வந்தபோது அம்மதிப்பு உச்சம் தொட்டது. அதில் அறிமுகமான சிவாஜி கணேசனின் பெயருக்கு முன்னுள்ள ‘வி’ குறிக்கும் விழுப்புரம், புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் வழியாகச் செல்லும் ரயில்பாதையின் மறுமுனையாகும். பாய்ஸ் கம்பெனியில் சீதை வேடத்தோடு தொடங்கியவர் அவர். துரியோதனனின் கர்ச்சனையைக் கேட்டு வளர்ந்த வட்டாரத்தார்க்கு அவருடைய கட்டபொம்மன் அந்நியமாகத் தோன்ற வழியில்லை. கூத்துக்களம் கேட்ட தெளிந்த சொல்லும் நடையின் மிடுக்கும் அதில் அப்படியே இருந்தன. அதே வேடத்துக்காகக் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழா 1960-இல் அவரைச் சிறந்த நடிகராகத் தேர்ந்தது.

பிற்காலத் திறனாய்வாளர் பலர் இந்நடிப்பை மிகை என்று ஒதுக்கியது, மேடைக்குரிய இலக்கணத்தைக் காமிராவின் அண்மைக்காட்சியால் மட்டும் அளந்ததன் விளைவாகும். காமிரா வேறொன்றைக் கேட்கிறது என்பது உண்மையே. இமையசைவில் பொருள் உணர்த்திய சாவித்திரியும், குரலைத் தாழ்த்தியே அச்சமூட்டிய எஸ். வி. ரங்காராவும் அதை நன்கறிந்தவர்கள். ஆயினும் 1985-இல் வந்த ‘முதல் மரியாதை’யில் சிவாஜி தம் குரலையும் உடலையும் அடக்கிக் காட்டியதைக் கண்டபின், முந்தைய பெருவீச்சு இயலாமையால் வந்ததன்று, தெரிந்தே கைக்கொண்ட முறை என்பதை மறுக்க இயலாது. பாய்ஸ் கம்பெனியிலேயே வளர்ந்த எம்.ஜி.ஆர். வசனத்தைச் சுருக்கி, உடலின் வேகத்தைப் பெருக்கிக்கொண்டார். ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காக 1971-ஆம் ஆண்டின் சிறந்த நடிகர் தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. சிவாஜிக்கோ அவ்விருது ஒருமுறையும் வழங்கப்படவில்லை. பிரெஞ்சு அரசு 1995-இல் அவருக்குச் செவாலியே விருது அளித்தது.

பழைய நடிகர்களைப் பற்றித் தீர்ப்பெழுத விரும்புவோர், அதற்குமுன் இவ்வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில் ஒன்றில் ஓர் இரவுக் கூத்தை விடியும்வரை இருந்து பார்க்க வேண்டும்; முதிய கூத்து வாத்தியார்கள் ஒரு வேடத்தை எவ்வாறு எடைபோடுகிறார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே பதிவுசெய்யும் பணியைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சுவாமிகளின் பெயரால் இயங்கும் நிகழ்கலைப் பள்ளி போன்ற நிறுவனங்கள் விரைந்து மேற்கொள்ள வேண்டும்.