அரிசியும் மொழியும்

1953 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 ஆம் நாள் இலங்கையில் நிகழ்ந்த ஹர்த்தால் சோற்றை முன்னிட்டு எழுந்தது. கொரியப் போர்க்காலத்து வருவாய் குன்றியபின், அரசாங்கம் பங்கீட்டரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தியது. மேற்கு, தெற்குக் கரையோரங்களிற் கிளர்ச்சி மிகுந்தது. வட, கிழக்குப் பகுதிகளிலும் சிலவிடங்களிற் கடைகள் அடைபட்டன. மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடியதெனின், அன்றைய கலக்கம் எத்தகையதென்பது சொல்லாமலே விளங்கும். அக்டோபரில் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார்.

இத்துணை வலிய பொதுக்குறை மூன்றாண்டுள் தேர்தல் மேடையிற் பின்தள்ளப்பட்டது எதனால்? விலை 55 சதமாக இறங்கியதும் சினம் பாதி தணிந்தது என்பது ஒரு விடை. அதனினும் முக்கியமானது வேறொன்று. அரிசிக்கு வழி கூறுபவர் பணத்துக்கும் வழி கூறவேண்டும். மொழியின்பேரில் வாக்களிப்போர்க்கு அத்தொல்லை இல்லை.

மொழிக்குறைதானும் முதலிற் பொதுவானதே. ஆங்கிலம் அறிந்தோர் மக்களுட் பத்திலொரு பங்கினரும் இலர். உயர் உத்தியோகங்களோ அவர்கட்கே உரியனவாயின. 1944 இல் ஜே. ஆர். ஜயவர்த்தனா சிங்களத்தை அரசகரும மொழியாக்கக் கொணர்ந்த பிரேரணை, வி. நல்லையாவின் திருத்தத்தால் தமிழையும் சேர்த்துக்கொண்டு, 27 வாக்குகளுக்கு 2 என்ற கணக்கில் அரசாங்க சபையில் நிறைவேறிற்று. ஆங்கிலத்துக்கெதிரான அக்குறை, உத்தியோகப் போட்டி முற்றியபோது, இரு சுயபாஷைகளுக்கிடைப்பட்ட வழக்காயிற்று.

பத்திரிகைகளின் பங்கும் சிறிதன்று. 'தினமின', 'தினகரன்' இரண்டையும் லேக் ஹவுஸ் நிறுவனமே வெளியிட்டது. ஆயினும் ஒன்றை வாசித்தோர் மற்றதைப் பெரும்பாலும் வாசித்திலர். 1954 இல் சேர் ஜோன் கொத்தலாவலை கொக்குவில் இந்துக் கல்லூரியில் இரு மொழிக்கும் சமவுரிமை தருவதாகக் கூறியது வடக்கில் வாக்குறுதி எனவும், தெற்கிற் காட்டிக்கொடுப்பு எனவும் கொள்ளப்பட்டது. எதிர்க்கட்சியின் ஏலத்துக்கு அஞ்சி, 1956 பெப்ரவரியிற் களனி மாநாட்டில் அவர் கட்சியே 'சிங்களம் மட்டும்' என்றது. ஏப்ரலில் அதற்குக் கிடைத்தவை 8 ஆசனங்கள். ஜூனிற் பண்டாரநாயக்காவின் அரசாங்கம் சட்டத்தை நிறைவேற்றியது.

பின்னர் அவரே 1957 ஜூலையிற் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார். அதனை எதிர்த்து அக்டோபரிற் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டவர், 1944 இற் பிரேரணை கொணர்ந்த அதே ஜயவர்த்தனா. அப்பயணம் இம்புல்கொடையில் தடைபட்டது. ஒப்பந்தமும் 1958 ஏப்ரலிற் கைவிடப்பட்டது.