உள்ளூர் மாடு விலை போன கதை

'உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது' என்பது நம்ம பக்கத்துப் பழமொழி. புதுச்சேரியில் நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது எங்கள் முசியேவும் இதே பொருளில் ஒன்று சொல்வார்: சொந்த ஊரில் எவனும் தீர்க்கதரிசி ஆக முடியாது என்று. இரண்டு மொழியிலும் கேட்டுவிட்டதால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று, அலுவலகத்தில் கோப்பு புரட்டிய காலமெல்லாம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டவர் ரால்ஃப் ஸ்டான்லி என்ற அமெரிக்கப் பாட்டுக்காரர். அவர் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வெர்ஜீனியாவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் என் வயதுதான். அந்த மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், மலைப்பகுதியில் பிறந்தவர். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒரு நாள் மாலை என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு பாட்டைப் போட்டார். அதில் வாத்தியமே இல்லை. ஒரு கிழவரின் குரல் மட்டும், மெலிந்து, இழுத்து இழுத்து வந்தது. வார்த்தை எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு சாவு வீட்டில் என் பாட்டி வைத்த ஒப்பாரி அப்படியே காதில் வந்து நின்றது. "யார் இது?" என்று கேட்டேன். "எங்க ஊர்க்காரர்" என்றார். பெயரை அதற்கப்புறம்தான் சொன்னார். பெயருக்கு முன்னால் ஊர் வந்ததே, அது என் மனத்தில் தங்கிவிட்டது. மகள் வீட்டில் இருந்த நாட்களில் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

ரால்ஃப் ஸ்டான்லி பிறந்தது 1927 பிப்ரவரி 25. ஊர் வெர்ஜீனியாவின் டிக்கன்சன் கவுண்டி. கவுண்டி என்றால் நம்ம தாலுகா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மலையும் காடும் நிலக்கரியும்தான் அங்கே. 2020 கணக்கெடுப்பின்படி மொத்த ஜனமே சுமார் 14,000 பேர். அம்மா லூசி பாஞ்சோ வாசிப்பார். ரால்ஃபுக்குப் பதினைந்து, பதினாறு வயது இருக்கும்போது, பன்றிக்குட்டி வேண்டுமா, பாஞ்சோ வேண்டுமா என்று கேட்டாராம். இரண்டுக்கும் விலை 5 டாலர். பையன் பாஞ்சோ கேட்டான். அது அத்தையோ சித்தியோ வைத்திருந்த பழைய பாஞ்சோ. காசுக்குப் பதிலாகக் குடும்பத்தின் சின்ன மளிகைக் கடையிலிருந்து சாமானாக வாங்கிக் கணக்கை நேர் செய்தார்களாம்.

பட்டாளத்துக்குப் போய் 1946-ல் திரும்பியதும், அண்ணன் கார்ட்டரோடு சேர்ந்து 'ஸ்டான்லி பிரதர்ஸ்' என்று ஒரு குழு தொடங்கினார். அவர்கள் கையில் எடுத்த இசைக்குப் பின்னால் புளூகிராஸ் என்று பெயர் வந்தது. கென்டக்கிக்காரரான பில் மன்றோ தன் குழுவுக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது அது. பாஞ்சோ, மாண்டலின், ஃபிடில், கித்தார், பெரிய பேஸ், எல்லாமே தந்தி வாத்தியம். மேளம் கிடையாது. கார்ட்டர் முன்னால் பாட, ரால்ஃப் அதற்கு மேலே உச்ச ஸ்தாயியில் சேர்ந்து பாடுவார்.

பிரிஸ்டல் என்ற ஊரில் ஒரு வானொலி நிலையம் இருந்தது. அந்த ஊரின் பெரிய தெருவே இரண்டு மாநிலங்களுக்கு எல்லை. இந்தப் பக்கம் வெர்ஜீனியா, எதிர்ப்பக்கம் டென்னஸி. தெருவுக்குத் தெரு எல்லை மாறும் புதுச்சேரியில் வாழ்கிற நமக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. அந்த நிலையத்தில் மத்தியான வேளையில் 'ஃபார்ம் அண்ட் ஃபன் டைம்' என்று ஒரு நிகழ்ச்சி. அதில் இந்த இரண்டு அண்ணன் தம்பிகளும் பாடினார்கள். எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எந்த நாள் கச்சேரி என்பதையும் அதிலேயே சொல்லிவிடுவார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கேட்ட குரலை, ராத்திரி பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து நேரில் பார்க்கலாம்.

கஷ்ட காலமும் இருந்தது. 1951-ல் இருவரும் டெட்ராய்ட் போய் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தார்கள். 1958-ல் பிழைப்புக்காக ஃப்ளோரிடாவுக்குக் குடிபோனார்கள். மலையில் வேலை கிடைக்காமல் வடக்கே தொழிற்சாலைகளுக்குப் போன ஆயிரக்கணக்கான பேருக்கு நடந்ததுதான் இவர்களுக்கும் நடந்தது. அதனால் ஊரைப் பிரிந்த துக்கத்தை இவர்கள் பாடியபோது, அது யாரோ எழுதிக் கொடுத்த துக்கமாகக் கேட்கவில்லை.

1966 டிசம்பர் 1 அன்று கார்ட்டர் இறந்துபோனார். வயது 41. மேடையில் பேசுவது, கூட்டத்தைச் சிரிக்கவைப்பது எல்லாம் அண்ணன்தான். தம்பி கூச்ச சுபாவம். இதோடு விட்டுவிடலாமா என்றுகூட ரால்ஃப் யோசித்திருக்கிறார். விடாமல் பாடுங்கள் என்று ரசிகர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. அவர் தொடர்ந்தார்.

அப்போது அவர் செய்த காரியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மற்றவர்கள் நகரத்து ரசனைக்கு ஏற்ப இசையை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், இவர் பின்னால் திரும்பித் தன் சின்ன வயதுக் கோயிலுக்குப் போனார். அந்த மலையில் 'பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட்' என்று ஒரு கிறிஸ்தவப் பிரிவு உண்டு. அவர்கள் கோயிலில் வாத்தியத்துக்கு இடமில்லை. பெரியவர் ஒருவர் ஒரு வரியைச் சொல்லுவார். சபை அதையே நீட்டிப் பாடும். பாட்டுப் புத்தகம் எல்லோர் கையிலும் இல்லாத காலத்தில், எழுத்து தெரியாதவர்களுக்கும் உதவிய முறை அது. நம்ம பஜனையில் பாகவதர் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வதில்லையா, அந்த மாதிரிதான். இந்தக் கோயில் பாட்டை வாத்தியம் இல்லாமல் அப்படியே கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார் ரால்ஃப். 1971-ல் வந்த 'கிரை ஃப்ரம் தி கிராஸ்' இசைத்தட்டில் அது பதிவாகியிருக்கிறது.

ஊர் ஜனம் அவரைக் கொண்டாடிய காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர்களுக்கு இல்லாத எதையும் அவர் வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுக்கவில்லை. அவர்கள் வீட்டுச் சாவிலும் ஞாயிற்றுக்கிழமைக் கோயிலிலும் கேட்டதையே திருப்பிக் கொடுத்தார். சாவைப் பற்றிய பாட்டு அங்கே வெறும் பாட்டு இல்லை. 1983 ஜூனில் அதே கவுண்டியில் மக்ளூர் சுரங்கம் வெடித்து 7 பேர் இறந்தார்கள். வேலைக்குப் போனவர் சாயங்காலம் திரும்புவாரா என்பது தெரியாத வீடுகள் அவை.

அந்த 1971-லேயே, அண்ணனைப் புதைத்திருந்த ஸ்மித் ரிட்ஜ் மலையில், தங்கள் பழைய வீட்டு நிலத்திலேயே ஆண்டுதோறும் ஓர் இசை விழா தொடங்கினார். மே மாதக் கடைசியில், அமெரிக்கர்கள் இறந்தவர்களை நினைக்கும் நாளை ஒட்டி அது நடக்கும். டெட்ராய்ட் பக்கம் போனவர்கள் கல்லறையைச் சுத்தம் செய்து பூ வைக்க எப்படியும் ஊருக்கு வருகிற சமயம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற பஸ் கூட்டம் எனக்கு ஞாபகம் வந்தது.

இதனால் ஊர் அவருக்கு எல்லாம் கொடுத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒருமுறை அவர் உள்ளூர்த் தேர்தலில் நின்றார். என்ன பதவிக்குத் தெரியுமா? கவுண்டி நீதிமன்றத்துக் கிளார்க் பதவிக்கு! அங்கே அதற்கும் ஓட்டுதான். தோற்றுப்போனார். வாழ்நாளெல்லாம் கிளார்க்காக இருந்த எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பெருமையும்தான். பாட்டுக்குக் கண்ணீர் விட்ட ஊர், கிளார்க் நாற்காலிக்கு வேறு ஆளைத் தேடிக்கொண்டது. பழமொழியில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர் கோபித்துக்கொண்டு ஊரை விட்டுப் போய்விடவில்லை.

1976-ல் ஒரு பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதிலிருந்து எல்லோருக்கும் 'டாக்டர் ரால்ஃப்'. 2000-ல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' என்ற சினிமாவில் வாத்தியமில்லாமல் அவர் பாடிய 'ஓ டெத்' பாட்டு உலகமெல்லாம் போனது. 2002 பிப்ரவரியில், 75 வயது நிறைந்து இரண்டு நாள் கழித்து, அதற்காக கிராமி விருது வாங்கினார். நான் காரில் கேட்டதும் அந்தப் பாட்டுதான். 2004-ல் கிளின்ட்வுட் என்ற அவர்களுடைய தலைநகரில் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஆள் உயிரோடு இருக்கும்போதே திறந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

2016 ஜூன் 23 அன்று தன் மலை வீட்டிலேயே காலமானார். வயது 89. விழா நடக்கும் அந்த மலையிலேயே குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

பிரெஞ்சுப் பள்ளியில் மனப்பாடம் செய்த பாட்டுகள் இன்றைக்கும் எனக்கு ஒரு வார்த்தை பிசகாமல் வரும். பாட்டியின் ஒப்பாரியில் இரண்டு வரிகூட நினைவில் இல்லை. அது பாட்டு என்றே அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பேன். எத்தனை ஆயிரம் கோப்புகளுக்கு நகல் எடுத்தவன், இதற்கு எடுக்காமல் விட்டேன். உங்களில் யாருக்காவது உங்கள் பாட்டி பாடியது இன்னும் ஞாபகம் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே எழுதி வையுங்கள். ராகம் வராவிட்டாலும் பரவாயில்லை.