ஓட்டமா, பின்வாங்கலா?

கோப்பாயில் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். யாழ்ப்பாண அரசு பற்றிய பாடத்தின்போது ஒரு மாணவன் எழுந்து, "சேர், சங்கிலி ராசா எங்கட ஊருக்கு ஓடி வந்தவரோ, பின்வாங்கி வந்தவரோ?" என்று கேட்டான். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிப் பாடத்தைத் தொடர என்னால் முடியவில்லை.

1560இல் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா கடற்படையுடன் வந்து நல்லூரைக் கைப்பற்றினான். முதலாம் சங்கிலி இரவோடிரவாகக் கோப்பாய்க் கோட்டைக்கு வந்தான். பகைவர் பின்தொடர்ந்து வந்தபோது கோட்டை வெறுமையாகக் கிடந்தது. மன்னன் அதற்கு அப்பாலும் போய்விட்டிருந்தான். இதுவரை வாசித்தால் ஓட்டம்தான். ஆனால், உடன்படிக்கை எழுதிய சிறிது காலத்திலேயே மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பிரகன்சா யாழ்ப்பாணத்தைக் கைவிட்டு மன்னாரில் கோட்டை கட்டினான். சங்கிலி மீண்டான். அரசு 1619 வரை நிலைத்தது. இப்போது பின்வாங்கியது யார்?

இதே கேள்வி மதீனாவிலும் எழுந்தது. ஹிஜ்ரி 8இல் (கி.பி. 629) முஃதா போரில் தளபதிகள் மூவரும் அடுத்தடுத்து ஷஹீதானார்கள். காலித் இப்னு வலீத் (ரழி) எஞ்சிய படையைக் காப்பாற்றி அழைத்து வந்தார்கள். ஊரார் அவர்களைத் தப்பியோடியவர்கள் என்று ஏசினர். நபிகளார் (ஸல்) அச்சொல்லை மறுத்து, 'கர்ரார்', அதாவது மீண்டும் போருக்குத் திரும்புவோர் என்றார்கள் என நபிவரலாற்று நூல்கள் கூறுகின்றன. நடந்தது ஒன்றுதான். திரும்பும் எண்ணத்தைப் பார்த்தே சொல் மாறியது.

இதையே வகுப்பில் சொன்னேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் மனம் அமைதியடையவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். எங்கள் பேச்சில் இன்றும் அது 'முஸ்லிம்கள் போனது' என்றுதான் வருகிறது. சற்று நாகரிகமாகச் சொல்வோர் 'இடப்பெயர்வு' என்பர்.

அவர்கள் ஓடவுமில்லை, பின்வாங்கவுமில்லை. அவ்விரு வினைகளுக்கும் எழுவாய் போகிறவனே. இங்கே போனவர்கள் செயப்படுபொருள். எழுவாயைச் சொல்ல நமக்கு நாக் கூசியதால் 'போனார்கள்' என்றோம். போனவர்களின் பிள்ளைகள் பலர் புத்தளத்தில் வளர்ந்தார்கள். திரும்பும் எண்ணம் அவர்களிடம் இருந்தது. வழி பிறர் கையில் இருந்தது.

மறுநாள் கரும்பலகையில் இரு சொற்களுக்குக் கீழே மூன்றாவதையும் எழுதினேன்: வெளியேற்றப்பட்டார்கள். "யாரால், சேர்?" என்று அதே மாணவன் கேட்டான். அதையும் எழுதினேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.