நோரா தோண்டிய மாற்றுவழி

நியூயார்க் மாநிலத்தில் வவார்சிங் என்றொரு சிற்றூர். அங்கே பல வீடுகளின் நிலவறையில் வருஷக்கணக்காகத் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. பம்பு போட்டு இறைப்பார்கள், மறுபடியும் ஊறும். ஊருக்கடியில், பாறைக்குள் ஓடிக்கொண்டிருந்தது நியூயார்க் நகரத்தின் குடிநீர்.

டெலவேர் நீர்ச்சுரங்கம் என்று அதற்குப் பெயர். 1937இல் தோண்டத் தொடங்கி 1944இல் தண்ணீர் விட்டார்கள். நீளம் 137 கிலோமீட்டர். மலைப்பக்கத்து நீர்த்தேக்கங்களிலிருந்து நகரம் குடிக்கும் தண்ணீரில் ஏறக்குறைய பாதி இதன் வழியாகத்தான் வருகிறது. வவார்சிங்கிலும், ஹட்சன் ஆற்றங்கரை நியூபர்க்கிலும் சுரங்கம் சுண்ணாம்புப் பாறைக்குள் புகுந்து போகிறது. அந்த இரண்டு இடத்திலும் கான்கிரீட் விரிசல் விட்டது. 1988இல் கசிவு தெரிய வந்தது. தினமும் 2 கோடி கேலன் வரை, அதாவது ஏழரைக் கோடி லிட்டர், பாறைக்குள் போய்க்கொண்டிருந்தது.

உடனே அடைத்திருக்கலாமே என்று தோன்றும். அடைப்பதென்றால் சுரங்கத்தை வற்றவைக்க வேண்டும். 80 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரத்தின் பாதித் தண்ணீரை மாதக்கணக்கில் யார் நிறுத்துவது? வற்றவைத்தால் வெளியிலிருந்து அழுத்தும் நிலத்தடி நீர் சுரங்கத்தையே நொறுக்கிவிடுமோ என்ற பயம் வேறு.

அதனால் தண்ணீர் ஓடும்போதே உள்ளே பார்த்தார்கள். 2003இல் ஆளில்லாத நீர்மூழ்கி ஒன்று சுமார் 72 கிலோமீட்டர் போய் 1,60,000 படங்களோடு வெளியே வந்தது. 2008இல் ஆட்களே இறங்கினார்கள். சுமார் 700 அடி ஆழத்தில் வேலை. ஒவ்வொரு முறையும் மேலே வந்து உடலின் அழுத்தம் இறங்கக் காத்திருந்தால் வேலை நடக்காது. ஆகவே ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசித்தபடி, வாரக்கணக்கில் ஓர் அழுத்தத் தொட்டிக்குள்ளேயே உண்டு உறங்கி, அங்கிருந்தே கூண்டில் இறங்கி ஏறினார்கள். குழாயைத் திறந்தால் கொட்டும் தண்ணீருக்குப் பின்னால் இப்படியும் மனிதர்கள் இருந்திருக்கிறார்கள்.

கடைசியில் பிறந்த யோசனை எளிமையானது: நியூபர்க் கசிவை விட்டுவிட்டு அதைச் சுற்றிக்கொண்டு போவது. 2013இல் ஆற்றின் இருபுறமும் செங்குத்தாகக் கிணறு தோண்டத் தொடங்கினார்கள். நியூபர்க் பக்கத்துக் கிணறு 845 அடி. இரண்டுக்கும் நடுவே, ஹட்சனுக்கு 600 அடிக்குக் கீழே, 4 கிலோமீட்டர் புதுச் சுரங்கம். தோண்டும் காலமெல்லாம் பழையதில் தண்ணீர் ஓடும். இணைக்கும்போது மட்டும் நிறுத்தினால் போதும். அந்த இடைவெளியில் வவார்சிங் விரிசல்களையும் உள்ளிருந்து சிமென்ட் கூழ் செலுத்தி அடைத்துவிடலாம்.

தோண்டிய எந்திரத்துக்கு நோரா என்று பெயர் வைத்தார்கள். நோரா ஸ்டாண்டன் பிளாட்ச் பார்னி 1905இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினியரிங் பட்டம் பெற்றவர். நியூயார்க்கின் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்தவர். அமெரிக்க சிவில் எஞ்சினியர்கள் சங்கம் அவரை இளநிலை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டதே தவிர, முழு உறுப்பினராக ஏற்க மறுத்தது. அவர் வழக்குப் போட்டார், தோற்றார். 2015இல்தான், அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, அதே சங்கம் அவருக்கு உயர்நிலை உறுப்பினர் தகுதி கொடுத்தது. அவர் பெயரைத் தாங்கிய எந்திரம் 2018 ஜனவரியில் பாறையைக் குடையத் தொடங்கி 2019 ஆகஸ்டில் மறுகரைக் கிணற்றைத் தொட்டது. பிறகு உள்ளே எஃகுக் குழாய்களை இறக்கி, ஒன்றோடொன்று பற்றவைத்து, கான்கிரீட் பூசினார்கள்.

2024 அக்டோபரில் இணைப்பு வேலைக்காகப் பழைய சுரங்கத்தை மூடினார்கள். அந்த இலையுதிர்காலத்தில் மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் இறங்கின. நவம்பரில் வேலையை நிறுத்திவிட்டு, ஒழுகும் பழைய சுரங்கத்தையே மறுபடி திறக்க முடிவெடுத்தார்கள். அத்தனை வருஷம் காத்திருந்தவர்களுக்கு அது கசந்திருக்கும். ஆனாலும் சரியான முடிவு.