ரங்கூன் கப்பலும் வடசென்னைக் கரையும்

திருவொற்றியூர்க் கடற்கரையில் அடங்கிய பட்டினத்தடிகளை அவ்வூரார் தம்மவர் என்றே போற்றுவர். அவர் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் மரபில் தோன்றி ஊர் பல கடந்து வந்தவர் என்பது எவருக்கும் உறுத்துவதில்லை. துறவிக்கு எளிதில் கிடைத்த இவ்வுரிமை, அக்கரையை அடுத்த சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிப் போய் அங்கேயே திரும்பி வந்திறங்கிய தமிழர்க்குக் கிடைக்கவில்லை. எண்ணூர் பர்மா நகரிலும் வியாசர்பாடி சத்தியமூர்த்தி நகரிலும் குடியமர்ந்த அம்மக்களைப் பற்றி வழங்கும் கருத்துகள் பல வரலாற்றோடு பொருந்தாதவை.

அவர்கள் அயல்நாடு சென்றவர்கள் என்பது முதற்பிழை. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணங்களுள் ஒன்று. 1856இல் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பகுதி நோக்கி ரயில் ஓடத் தொடங்கியபின், உள்மாவட்டத்து உழவர் துறைமுகத்தை அடைவது எளிதாயிற்று. அங்கே ரங்கூன் கப்பலேறியவர் ஒரே அரசின் ஒரு மாகாணத்திலிருந்து மற்றொன்றுக்குப் போனாரேயன்றி வேற்றுநாடு புகவில்லை. போனவரெல்லாம் வட்டிக்கடை நடத்திய செல்வர் என்பது அடுத்த பிழை. நகரத்தார் தொகையால் சிலரே. பெரும்பாலோர் அரிசி ஆலையிலும் துறைமுகத்திலும் அறுவடை வயலிலும் நகர்த் துப்புரவிலும் உழைத்த கூலிகள். மேஸ்திரியிடம் முன்பணம் பெற்று, அக்கடனைக் கழிப்பதற்கே பாடுபட்டவர்கள். அவர்கள் அங்கேயே தங்கிவிட்டனர் என்பதும் முழுவுண்மையன்று. 1920களின் பிற்பகுதியில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ரங்கூன் சென்றனர்; அதற்குச் சற்றே குறைந்த தொகையினர் ஆண்டுதோறும் திரும்பியும் வந்தனர்.

ஆயினும் 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ரங்கூனின் 4,00,415 மக்களுள் 2,12,929 பேர் இந்தியர். தம் தலைநகரில் தாமே சிறுபான்மையரான பர்மியரின் மனக்கசப்பைப் புரிந்துகொள்ள இந்த எண்களே போதும். 1930 மே மாதம் தெலுங்குத் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளிகள் அவ்விடத்திற் பர்மியரை அமர்த்தினர். உடன்பாடு ஏற்பட்டதும் அவர்களை விலக்கினர். இதனால் மூண்ட கலவரத்தில் இந்தியக் கூலிகள் பலர் மாண்டனர். இருதரப்பு ஏழைகளையும் மோதவிட்டவர் கலவரத்திற் காயமின்றித் தப்பினர் என்பது குறிக்கத்தக்கது. பகைக்கு அடிப்படையே இல்லை என்று கூறவும் இயலாது. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நெல்வயல் 1930இல் 6 விழுக்காடு. விலைவீழ்ச்சியாற் கடன்கள் மூழ்கியபின், 1938இல் 25 விழுக்காடு. நிலமிழந்த பர்மிய உழவனின் சினம், நிலமென்று ஒருபிடி மண்ணும் பெறாத தமிழ்க் கூலியின் மேல் பாய்ந்தது. 1938இலும் கலவரம் மூண்டது. அதன்பின் இக்குடியேற்றத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் பாக்ஸ்டரின் அறிக்கை 1941இல் வெளிவந்தது. இந்தியத் தொழிலாளர் பர்மியரின் வேலையைப் பறிக்கவில்லை, அவர்தம் உழைப்புக்குத் துணையாகவே அமைந்தனர் என்பது அவர் கண்ட முடிவு. அது மக்களிடம் சென்று சேருமுன் போர் வந்துவிட்டது. 1941 டிசம்பர் 23இல் ரங்கூன்மேல் குண்டுகள் விழுந்தன. லட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர். வழியில் மடிந்தோர் பல்லாயிரவர். அந்நடையை மேற்கொண்ட வெ. சாமிநாத சர்மா தம் அனுபவத்தை நூலாக எழுதிவைத்தது தமிழுக்கு வாய்த்த பேறு.

போருக்குப்பின் மீண்டும் பர்மா சென்றவரும் அங்கேயே பிறந்து வளர்ந்தவரும் 1962 மார்ச் 2இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின் நிலைகுலைந்தனர். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. அவ்வாண்டு மே 17இல் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. கைப்பொருளை இழந்து தமிழகம் வந்தோர் 1,40,000க்கும் மேற்பட்டோர். 'பராசக்தி' படத்தின் நாயகன் ரங்கூனிலிருந்து வந்து சென்னையில் உடைமையைப் பறிகொடுத்தது 1952இல். இவர்களோ அங்கேயே பறிகொடுத்துவிட்டு வந்தனர்.

சென்னை இவர்களை அகதிகள் என்றழைத்தது. அரசு ஏடுகளில் இவர்கள் தாயகம் திரும்பியோர். இந்தியக் குடிமக்களாகவே வந்தவர்கள். பர்மாவில் 'கலா' என்று இழித்துரைக்கப்பட்டவர், கரையிறங்கிய மறுநாளே 'பர்மாக்காரர்' ஆயினர். 1969இல் துறைமுகத்தை ஒட்டிப் பர்மா பஜார் தோன்றியபின் கள்ளக்கடத்தற்காரர் என்ற பெயரும் சேர்ந்தது. அங்கு அயல்நாட்டுப் பொருள்கள் விற்றது மெய்யே. இறக்குமதிக் கட்டுப்பாடு உருவாக்கிய அச்சந்தையில் பேரம்பேசி வாங்கியவர் நகரின் கண்ணியமிக்க குடும்பத்தினர் என்பதை மட்டும் ஏனோ எவரும் நினைவுகூர்வதில்லை.

உள்ளூரார் பிழைப்பை இவர்கள் கெடுத்தனர் என்ற கூற்றும் உண்டு. இப்பகுதியின் தொழிற்சாலைகளே வெளியூராரின் முயற்சியாலும் உழைப்பாலும் எழுந்தவை. 1946இல் திருவொற்றியூரில் ரப்பர் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனர் மாம்மன் மாப்பிள்ளை கேரளத்தவர். இன்று அதே குற்றச்சாட்டு பீகார், ஒடிசா மாநிலத் தொழிலாளர்மேல் சுமத்தப்படுகிறது. 2023 மார்ச்சில் அவர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பரவிய காணொளிகள் பொய்யென்று தெரியவந்தது. பீகார் அரசின் குழுவொன்று நேரில் வந்து விசாரித்துச் சென்றது.

பர்மா பஜாரை அடுத்த தெருக்களில் மாலைதோறும் 'அத்தோ' வண்டிகள் நிற்கின்றன. நூடுல்ஸில் கோசும் வெங்காயமும் புளிநீரும் பிசைந்து, வாழைத்தண்டுச் சாற்றோடு தருகிறார்கள். துறைமுகத் தொழிலாளரும் கல்லூரி மாணவரும் நின்றபடியே உண்கின்றனர்.