‘சகோதரர்கள்’ என்னும் பெயர்: கருநாடக இசை இரட்டையரின் பெயரீட்டு மரபு

முன்னுரை

கருநாடக இசையுலகில் இருவர் இணைந்து இசைக்கும் மரபு இருபதாம் நூற்றாண்டில் செல்வாக்குப் பெற்றது. அவ்விணைகள் தமக்குச் சூடிக்கொண்ட பெயர்கள் வெறும் அடையாளங்கள் அல்ல. ஊர், குரு, உறவு ஆகியவற்றுள் எதை முன்னிறுத்த விரும்பினர் என்பதற்கான சான்றுகளும் ஆகும். எனினும் இப்பெயர்களை அப்படியே உறவுமுறைச் செய்தியாகக் கொள்வது பிழையாகும்.

பெயரீட்டின் வகைகள்

ஊர்ப்பெயருடன் உறவுச்சொல்லைச் சேர்ப்பதே பரவலான முறை. நாகசுரத்தில் திருவீழிமிழலை சகோதரர்களும், வாய்ப்பாட்டில் சூலமங்கலம் சகோதரிகளும் இதற்குச் சான்று. மல்லாடி சகோதரர்கள் ஊருக்கு மாறாகத் தெலுங்கு மரபின் குடும்பப்பெயரைக் கொண்டனர். சண்முகப்பிரியா, ஹரிப்பிரியா இருவரும் தம் பெயர்களின் பொது இறுதியைக் கொண்டு பிரியா சகோதரிகள் ஆயினர். பம்பாய் சகோதரிகளான சரோஜா, லலிதா இருவரும் திருச்சூரில் பிறந்தவர்கள். பின்னர்ச் சென்னையில் வாழ்ந்தவர்கள். ஆயினும் அவர்கள் வளர்ந்த நகரமே பெயராக நிலைத்தது. இங்கு ஊர்ப்பெயர் பூர்விகத்தை அன்றி இடப்பெயர்வைச் சுட்டுகிறது.

பெயரும் உறவும்

ஆலத்தூர் சகோதரர்கள் எனப்பட்ட சீனிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் உடன்பிறந்தவர்கள் அல்லர். பின்னவரின் தந்தையாகிய ஆலத்தூர் வெங்கடேச ஐயரே இருவருக்கும் குரு. ஆகவே இங்குச் ‘சகோதரர்’ என்பது குருதியுறவை அன்றி ஒரே குருவிடம் பெற்ற பயிற்சியின் உறவைக் குறிக்கிறது. மறுபுறம், வீணை தனம்மாளின் பேத்திகளான பிருந்தா, முக்தா இருவரும் உடன்பிறந்தவர்களாயினும் தத்தம் பெயர்களாலேயே அறியப்பட்டனர். உறவினரான ராதா, ஜெயலட்சுமி இணையும் அவ்வாறே. எனவே உறவுச்சொல் இருப்பதும் இல்லாததும் உறவுக்குச் சான்றாகா.

நிறுவன ஏற்பு

இணைப்பெயரை நிறுவனங்கள் எவ்வாறு ஏற்றன என்பதும் கருதத்தக்கது. சென்னை மியூசிக் அகாதெமி சங்கீத கலாநிதி விருதை 1956-இல் திருவீழிமிழலை இணையருள் சுப்பிரமணிய பிள்ளைக்கு மட்டும் வழங்கியது. ஆலத்தூர் இணையருள் சிவசுப்பிரமணிய ஐயருக்கு 1964-இலும், சீனிவாச ஐயருக்கு 1965-இலும் தனித்தனியே வழங்கியது. மேடையில் ஒன்றாக ஒலித்த பெயர் விருதுப் பட்டியலில் இரண்டாகப் பிரிந்தது. 2010-இலோ பம்பாய் சகோதரிகள் இருவருக்கும் ஒருசேர அவ்விருது வழங்கப்பட்டது. இவ்வேறுபாடு, இணையைத் தனியொரு கலை அலகாகக் காணும் நோக்கு பின்னரே விருதளவில் இடம்பெற்றதைக் காட்டுகிறது.

முடிவுரை

இரட்டையரின் பெயர் ஒரு பிறப்புக் குறிப்பு அன்று. தம் இசை எங்கிருந்து வந்தது என்பது பற்றிய உரிமைக் கூற்று. ஒலிப்பதிவுகளையும் கச்சேரி அழைப்பிதழ்களையும் பட்டியலிடுவோர் இணைப்பெயரை மட்டும் பதிவு செய்தால், தனிக்கலைஞரின் பங்கு மறையும். தனிப்பெயர்களை மட்டும் பதிவு செய்தால், அவர்கள் விரும்பி ஏற்ற உறவு மறையும். இரண்டையும் ஒருங்கே பதிவு செய்வதே இசை வரலாற்றுக்குப் பொருந்தும் முறையாகும்.