ஏழைகளின் இல்லம் காத்த இசை

(வானொலியில் வழங்கிய மறையுரையின் எழுத்து வடிவம்)



கிறிஸ்து பிறப்பு விழாவிலும் உயிர்ப்புப் பெருவிழாவிலும் நம் பாடகர் குழுக்கள் விரும்பிப் பாடும் பாடல்களுள் ஒன்று ஹேண்டலின் ‘அல்லேலூயா’. ஆங்கிலம் அறியாதவர்கள்கூட அதன் தொடக்கத்தைக் கேட்டதும் இன்ன பாடல் என்று சொல்லிவிடுவார்கள். அது ‘மெசியா’ என்னும் இரண்டரை மணி நேர இசைப்படைப்பின் ஒரு பகுதி. அந்தப் படைப்பு முதலில் எப்படி ஒலித்தது, பின்னர் எப்படி மாறியது, நம் காலத்து இசைக் கலைஞர்கள் அதன் பழைய ஒலியை எப்படித் தேடிப் பதிவு செய்தார்கள் என்பதை இன்று சிந்திப்போம். இந்த வரலாற்றில் நம் நம்பிக்கை வாழ்வுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

‘மெசியா’ போன்ற படைப்பை ஒரட்டோரியோ என்று அழைக்கிறார்கள். அந்தச் சொல்லின் மூலப் பொருள் செபக்கூடம். 16ஆம் நூற்றாண்டில் உரோமை நகரில் புனித பிலிப்பு நேரி மக்களைச் செபக்கூடத்தில் கூட்டி, இறைவார்த்தையைப் பகிர்ந்து, பாடல்களும் பாடச் செய்தார். அந்தப் பழக்கத்திலிருந்து வளர்ந்ததே விவிலிய நிகழ்வுகளை இசையால் எடுத்துரைக்கும் இந்த வடிவம். நாளடைவில் அதில் வேடமும் நடிப்பும் இல்லாமல் குரலும் வாத்தியமும் மட்டுமே நின்றன. ஜெர்மனியில் ஹாலே நகரில் 1685இல் பிறந்த ஹேண்டல் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். இளமையில் உரோமைக்கு வந்து கர்தினால்களுக்கும் பிரபுக்களுக்கும் இசையமைத்தார். 1708ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று, ஆண்டவரின் உயிர்ப்பைப் பற்றிய அவருடைய ஒரட்டோரியோ அங்கே அரங்கேறியது. நம் திருச்சபையின் செபக்கூடத்தில் முளைத்த விதை, பிரிந்திருந்த சகோதரர் ஒருவரின் கையில் பின்னாளில் இலண்டனில் பெரிய மரமாயிற்று.

1741ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் ஹேண்டல் ‘மெசியா’வை எழுதத் தொடங்கினார், செப்டம்பர் 14இல் முடித்தார். மொத்தம் 24 நாள்கள். சொற்களைத் தொகுத்துக் கொடுத்தவர் அவருடைய நண்பர் சார்லஸ் ஜென்னன்ஸ். எல்லாம் விவிலியச் சொற்களே. எசாயா இறைவாக்கினரின் ஆறுதல் வார்த்தையில் தொடங்கி, துன்புறும் ஊழியனின் பாடுகளைக் கடந்து, யோபுவின் நம்பிக்கையைத் தொட்டு, திருவெளிப்பாட்டின் ஆட்டுக்குட்டியிடம் போய் முடிகிறது.

முதல் அரங்கேற்றம் 1742ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், அயர்லாந்தின் டப்ளின் நகரில் நடந்தது. அந்நாட்டில் அப்போது வழங்கிய நாள்காட்டிப்படி அது புனித வாரச் செவ்வாய். வசூல் மூன்று அறப்பணிகளுக்கு: கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களுக்கும் இரண்டு மருத்துவமனைகளுக்கும். கூடுதல் பேர் அமர வேண்டும் என்பதற்காக, பெண்கள் வளையம் வைத்து விரித்த பாவாடை அணியாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வருமாறு அறிவிப்பு வெளியாயிற்று. ஏறக்குறைய 700 பேர் கூடினர். சுமார் 400 பவுண்டு சேர்ந்தது. அந்தப் பணத்தால் 142 கடனாளிகள் சிறையிலிருந்து விடுதலை பெற்றார்கள். எண்ணிப் பாருங்கள்! மெசியா சிறைப்பட்டோருக்கு விடுதலை தருவார் என்பது இறைவாக்கு. அவரைப் பாடிய முதல் நிகழ்ச்சியே சிறைக்கதவைத் திறந்தது.

இலண்டனில் அப்போது ‘கைவிடப்பட்ட குழந்தைகள் இல்லம்’ ஒன்று இருந்தது. தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர், தெருவோரம் வீசப்பட்ட சிசுக்களைக் கண்டு மனம் நொந்து, பல ஆண்டுகள் அலைந்து 1739இல் அரச ஆணை பெற்று நிறுவிய இல்லம் அது. வறுமையால் பிள்ளையை ஒப்படைக்கும் தாய்மார், என்றாவது திரும்பி வந்தால் அடையாளம் காட்டுவதற்காக ஒரு துணித்துண்டையோ காசையோ விட்டுச் செல்வார்கள். 1750ஆம் ஆண்டு மே முதல் நாள், அந்த இல்லத்தின் சிற்றாலயத்தில் ஹேண்டல் ‘மெசியா’வை நடத்தினார். கூட்டம் தாங்காமல் சீட்டு வாங்கியவர்களே திரும்பிப் போக நேர்ந்ததால், இரண்டு வாரத்தில் மறுபடியும் நடத்தினார்கள். அதன்பின் ஆண்டுதோறும் அது அங்கே ஒலித்தது. கடைசிக் காலத்தில் பார்வையிழந்த ஹேண்டல், 1757இல் தம் உயிலோடு ஓர் இணைப்பு எழுதி, ‘மெசியா’வின் முழுப் பிரதி ஒன்றையும் பாடகர், வாத்தியக்காரர் ஒவ்வொருவருக்குமான தாள்களையும் அந்த இல்லத்துக்கு விட்டுச் சென்றார். 1759ஆம் ஆண்டு ஏப்ரல் 14, புனித சனிக்கிழமையன்று அவர் உயிர் பிரிந்தது.

அவர் மறைவுக்குப் பின் ‘மெசியா’வின் உருவம் பெருத்துக்கொண்டே போனது. 1784இல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் நடந்த நினைவு விழாவில் 500க்கும் மேற்பட்டோர் பாடி இசைத்தார்கள். 1789இல் மோட்சார்ட், தம் காலத்துச் சுவைக்கேற்பப் புதிய வாத்தியங்களைச் சேர்த்து எழுதினார். 1859இல் இலண்டன் கிரிஸ்டல் பேலஸ் என்னும் கண்ணாடி மாளிகையில் பாடியவர்கள் மட்டும் 2,700 பேர். வாத்தியக்காரர்கள் 460 பேர். அதே மாளிகையில் 1888ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், ஹேண்டலின் மற்றோர் ஒரட்டோரியோவான ‘எகிப்தில் இஸ்ரயேல்’ பாடப்பட்டபோது, எடிசனின் முகவர் ஒருவர் அதை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். அவற்றுள் சில இன்றும் இருக்கின்றன. உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய இசைப்பதிவுகளுள் அவையும் சேரும். ஏறக்குறைய 4,000 பேர் பாடியது அதில் தொலைவிலுள்ள கடலின் இரைச்சல்போலக் கேட்கிறது. சொல் ஒன்றும் விளங்குவதில்லை.

அந்தப் பெரிய கூட்டங்களை நாம் இழிவாகப் பேசிவிட முடியாது. சாதாரண மக்கள் பலர் மாலை நேரங்களில் பயிற்சி செய்து, அந்தக் குழுக்களில் இறைவார்த்தையைப் பாடக் கற்றுக்கொண்டார்கள். அது பெரிய அருள். ஆயினும், ஆயிரம் குரல் ஒன்றாக எழும்போது வேகம் குறைகிறது, சொல் மங்குகிறது, ஆறுதல் சொல்ல வந்த இசை ஆர்ப்பாட்டமாக மாறிவிடுகிறது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சில கலைஞர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: ஹேண்டலின் காதில் இது எப்படி விழுந்திருக்கும்? வியன்னாவில் நிக்கோலாஸ் ஹார்னன்கோர்ட் 1953இல் ஒரு குழு அமைத்துப் பழைய வாத்தியங்களை வாசிக்கத் தொடங்கினார். இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் ஹாக்வுட் 1973இல் இன்னொரு குழு தொடங்கினார். பழைய வாத்தியம் என்றால் என்ன வேறுபாடு? வயலினுக்கு எஃகுக் கம்பி கிடையாது. ஆட்டுக் குடலில் முறுக்கிய நரம்பு. ஒலி மென்மையாகவும் சற்றுக் கரகரப்பாகவும் இருக்கும். மழை பெய்தால் சுருதி மாறும். எக்காளத்தில் அழுத்தும் கட்டைகள் இல்லை. உதட்டாலும் மூச்சாலும் மட்டுமே சுரங்களைப் பிடிக்க வேண்டும். ஓபோ என்பது நம் நாதசுரம்போலச் சீவாளி வைத்து ஊதுவது. அக்காலத்தில் அதில் இரண்டு மூன்று உலோகச் சாவிகளே இருந்தன. சுருதியும் இன்றையதைவிட ஏறக்குறைய அரைக்கட்டை குறைவு. இந்த வாத்தியங்கள் குரலை அமுக்குவதில்லை. அதற்கு இடம்விட்டு நிற்கின்றன.

ஆனால் எத்தனை பேர் பாடினார்கள், எத்தனை பேர் வாசித்தார்கள்? இதற்கு விடை கிடைத்த இடம்தான் நாம் கவனிக்க வேண்டியது. குழந்தைகள் இல்லத்தின் கணக்குப் புத்தகத்தில், 1754ஆம் ஆண்டு மே மாத நிகழ்ச்சியில் யார் யாருக்கு எவ்வளவு கூலி கொடுத்தார்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள். 14 வயலின், 6 வயோலா, 3 செல்லோ, 2 பெரிய பாஸ், 4 ஓபோ, 4 பசூன், 2 ஹார்ன், 2 எக்காளம், முரசு: ஆக 38 பேர். குழுவாகப் பாடியவர்கள், அரச சிற்றாலயத்துச் சிறுவர்களையும் சேர்த்து, 20 பேர் அளவுதான். ஹேண்டல் உயிலில் விட்டுச்சென்ற தாள்களும் அழியாமல் இருந்தன. அவற்றைக் கொண்டே ஹாக்வுட் 1754ஆம் ஆண்டு வடிவத்தை, ஆக்ஸ்போர்டு கிறிஸ்து பேராலயச் சிறுவர்களின் குரலோடு பதிவு செய்து, 1980இல் வெளியிட்டார்.

அதன் பிறகு பல பதிவுகள் வந்தன. ஜான் எலியட் கார்டினர் 1982இலும், டிரெவர் பின்னாக் 1988இலும் பதிவு செய்தார்கள். 2006இல் ஜான் பட், 1742 டப்ளின் வடிவத்தைப் பன்னிரண்டு பேர் அளவிலான சிறு குழுவோடு பதிவு செய்தார். அதில் தனிப்பாடல் பாடும் முதன்மைக் கலைஞர்களே குழுவிலும் சேர்ந்து பாடுகிறார்கள். இவற்றைக் கேட்டால் ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியும். எது உண்மையான ‘மெசியா’ என்று கேட்கத் தோன்றும். ஹேண்டலே பாடகருக்கேற்ப ஆண்டுதோறும் சில பாடல்களை மாற்றினார். ஒரே இயேசுவை நான்கு நற்செய்தியாளர்கள் வழியாகப் பெற்ற நமக்கு இது புதிராக இருக்கக்கூடாது.

பழைய வாத்தியம் எடுத்தால் மட்டும் பழைய உள்ளம் வந்துவிடாது என்பதும் உண்மை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் துறவற சபைகளிடம், தங்கள் தொடக்க ஊற்றுக்குத் திரும்புங்கள் என்றது. அதே மூச்சில், மாறிவரும் காலத்துக்கேற்பப் புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னது. ஊற்றுக்குத் திரும்புவது அருங்காட்சியகத்தில் குடியேறுவதற்காக அன்று. வழியில் படிந்த மண்ணை விலக்கி, தண்ணீரைக் குடிப்பதற்காக.

டப்ளினில் துன்புறும் ஊழியனின் பாடலைப் பாடியவர் சுசன்னா சிப்பர் என்ற நடிகை. ஊரார் வாயில் அவர் பெயர் கெட்டிருந்த காலம் அது. அவர் பாடியதைக் கேட்டு மனமுருகிய குருவானவர் ஒருவர் எழுந்து, இதற்காகவே அவருடைய பாவங்கள் மன்னிக்கப்படட்டும் என்று உரக்கச் சொன்னதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. அந்தப் பாடலைப் பழைய வாத்தியப் பதிவில் கேட்டுப் பாருங்கள். சில நரம்புகளின் மெல்லிய ஒலிக்கு மேலே ஒரு குரல், இடையிடையே மௌனம். இகழப்பட்டவரைப் பற்றிப் பாட அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

அன்பார்ந்தவர்களே, நம் ஆலயங்களில் இன்று ஒலிபெருக்கி இருக்கிறது. கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளம் வருகிறது. நல்லவையே. ஆனால், தூணருகே அமர்ந்திருக்கும் வயதான தாயின் காதில் பாடலின் சொல் விழுகிறதா? நாம் பாடி முடித்தபின் கடனில் சிக்கிய ஒரு குடும்பத்துக்காவது மூச்சு விட முடிகிறதா? ‘மெசியா’வின் ஒலியை மீட்க உதவிய சான்றுகளைக் காத்து வைத்தது அரண்மனை அன்று; அனாதைக் குழந்தைகளின் இல்லம். அங்கே எவரோ ஒரு கணக்கர், முரசு அடித்தவருக்குக் கொடுத்த கூலியையும் விடாமல் நேர்மையாக எழுதினார். நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபைக் கணக்கையும் அன்பியக் கணக்கையும் எழுதுகிற சகோதர சகோதரிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆண்டவரே, எங்கள் பாடல் உமது வார்த்தையை மறைக்காதிருக்கட்டும். எங்கள் ஆலயத்தின் மகிழ்ச்சியில் எளியோருக்கும் பங்கு கிடைக்கட்டும். ஆமென்.